எஸ்ஏபி சான்றிதழ்: மாதிரித் தேர்வில் தொண்ணூறு, உண்மைத் தேர்வில் தோல்வி ஏன்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பி.காம். படித்தவள், வயது 33. டேலி கணக்கு மென்பொருளில் எந்த வேலை கொடுத்தாலும் செய்துவிடுவேன். அடுத்த படிக்குப் போக, கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து நடத்தும் எஸ்ஏபி மென்பொருளின் நிதிக் கணக்கியல் சான்றிதழ் உதவும் என்று சொன்னார்கள். விலைக்கு வாங்கிய வினாத் தொகுப்பை வைத்து ஐந்து மாதம் படித்தேன். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் 90க்குக் கீழே இறங்கவில்லை. உண்மைத் தேர்வில் தேர்ச்சிக்கு ஒன்பது சதவீதம் குறைந்துவிட்டது. பகுதிவாரி முடிவை இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்? கோவையில் ஒரு பயிற்சி மையம், வேலை உறுதி என்றும், மூன்றாண்டு அனுபவச் சான்றும் சேர்த்துத் தருவதாகவும் சொல்கிறது, சேரலாமா? இரவில் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும், அது போதுமா? எங்கள் நிறுவனமும் எஸ்ஏபிக்கு மாறப் போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. இன்னொன்று: இதை 'சாப்' என்று சொல்வது சரியா?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

தேர்வு முடிவின் பகுதிவாரி விவரத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அது இல்லாதிருந்தால், இன்னும் நன்றாகப் படியுங்கள் என்ற பயனற்ற பதிலைத்தான் நான் எழுதியிருப்பேன். பொதுப் பேரேட்டிலும், சப்ளையர், வாடிக்கையாளர் கணக்குகளிலும் நீங்கள் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். சொத்துக் கணக்கிலும், நிறுவன அமைப்பும் செயல்முறை ஒருங்கிணைப்பும் என்ற பகுதியிலும் பாதியைக்கூட எட்டவில்லை. ஒன்பது ஆண்டுகள் டேலியில் பழகிய ஒருவர் எங்கே தேறுவார், எங்கே சறுக்குவார் என்று முடிவைப் பார்க்காமலே என்னைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். தேறிய பகுதிகளில் உங்களைத் தூக்கிவிட்டது வினாத் தொகுப்பு அன்று. அன்றாடம் நீங்கள் போடும் பதிவுகள்தாம். அந்தப் பழக்கம் துணைக்கு வராத இடங்களில் மனப்பாடம் மட்டும் தனியாக நின்றது; வினாவின் வாசகம் சற்று மாறியதும் அதுவும் கைவிட்டது.

டேலியில் ஒரு பர்ச்சேஸ் வவுச்சர் போடும்போது எந்த லெட்ஜரை டெபிட் செய்வது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். எஸ்ஏபியில் கொள்முதலைப் பொறுத்தவரை அந்தத் தீர்மானத்தை எவரும் அன்றாடம் எடுப்பதில்லை. அமைப்பை நிறுவிய நாளிலேயே ஒருவர் எடுத்து உள்ளே எழுதி வைத்துவிட்டார். நீங்கள் தவறவிட்ட ஒருங்கிணைப்பு வினாக்களில் பெரும்பாலானவை, சுற்றி வளைத்துக் கேட்டாலும், 'இந்தப் பதிவைத் தீர்மானித்தது யார், எந்த இடத்தில்?' என்ற ஒன்றைத்தான் கேட்கின்றன. உங்கள் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொண்டு இதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு மில்லிடம் 1,000 கிலோ பருத்தி நூல், கிலோ 300 ரூபாய்க்கு ஆர்டர் கொடுக்கிறீர்கள். 50 கிலோ பை என்றால் இருபது பை. பர்ச்சேஸ் ஆர்டர் போட்ட அந்த நேரத்தில் பேரேட்டில் ஒரு பதிவும் விழாது. (நேர்காணலுக்கு வந்த ஓர் இளைஞரிடம், ஆர்டர் போட்டதும் என்ன என்ட்ரி என்று ஒருமுறை கேட்டேன். 'ஸ்டாக் டெபிட், சப்ளையர் கிரெடிட்' என்று தயங்காமல் சொன்னார். அவருடைய விண்ணப்பத்தில் மூன்றாண்டு அனுபவம் எழுதியிருந்தது. அந்த அனுபவத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.) லாரி வருகிறது, பதினெட்டுப் பைதான் இறங்குகிறது. கிடங்கில் இருப்பவர், சரக்கு வரவைப் பதியும் மிகோ திரையில், 101 என்ற அசைவு வகையில் 900 கிலோவை வரவு வைக்கிறார். அந்தக் கணமே சரக்கிருப்புக் கணக்கு 2,70,000 ரூபாய்க்கு டெபிட் ஆகிறது. சரக்கு வரவுக்கும் பில் வரவுக்கும் நடுவே நிற்கும் ஜிஆர்/ஐஆர் என்ற இடைக்கணக்கு அதே தொகைக்குக் கிரெடிட் ஆகிறது. கிடங்குக்காரருக்கு டெபிட், கிரெடிட் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த நூலின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் மாஸ்டர் பதிவில் மதிப்பீட்டு வகுப்பு என்ற ஒரு குறியீடு இருக்கிறது. ஓபிஒய்சி என்ற அமைப்புத் திரையில், அந்த வகுப்புக்கும் பிஎஸ்எக்ஸ் என்ற சாவிக்கும் உரிய சரக்கிருப்புக் கணக்கு எது, டபிள்யூஆர்எக்ஸ் என்ற சாவிக்கு உரிய இடைக்கணக்கு எது என்பதை முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பதிவை எழுதியது அந்த இரண்டு சாவிகள்.

நான்கு நாள் கழித்து மில்லின் பில் வருகிறது. அதில் 1,000 கிலோ என்றே இருக்கிறது. உங்களைப் போன்ற ஒருவர் மிரோ திரையில் அதைப் பதிகிறார். ஜிஆர்/ஐஆர் 3,00,000 டெபிட். 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி 15,000 டெபிட். மில்லின் கணக்கு 3,15,000 கிரெடிட். ஜிஆர்/ஐஆர் கணக்கில் இப்போது 30,000 ரூபாய் டெபிட்டாகத் தொங்குகிறது. அந்த 30,000 வேறொன்றும் இல்லை; வராத இரண்டு பை நூல்தான். வந்த அளவைவிடப் பில்லின் அளவு கூடுதலாக இருப்பதால், அனுமதித்த வரம்பைத் தாண்டும்போது அமைப்பு அந்தப் பில்லுக்குப் பணம் போகாமல் தடை வைத்துவிடும். எஃப்110 என்ற தானியங்கிப் பணப் பட்டுவாடா அதைத் தொடாமல் தாண்டிப் போகும். இரண்டு பை பிறகு வந்து சேர்ந்தால், கிடங்குக்காரர் போடும் அடுத்த மிகோவிலேயே கணக்கு நேராகிவிடும். வராது என்றால் மில்லிடம் கிரெடிட் நோட் கேட்க வேண்டும். சரக்கு வந்து சேராத பகுதிக்கு உள்ளீட்டு வரி எடுக்க ஜிஎஸ்டி சட்டம் இடம் தருவதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஒரு லாரி நூலைப் புரிந்துகொண்டவருக்கு, தேர்வில் ஜிஆர்/ஐஆர் பற்றி எந்தக் கோணத்தில் கேட்டாலும் பதில் சொல்ல வரும். மனப்பாடம் செய்தவருக்கு, பார்த்த கோணம் ஒன்றுக்கு மட்டுமே வரும். ஆகவே அடுத்த முயற்சிக்கு நான் சொல்லும் முறை எளிமையானது, ஆனால் மெதுவானது. ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் உங்கள் நிறுவனத்தில் அன்று உண்மையாக நடந்த ஒரு நிகழ்வையும் அதன் டெபிட், கிரெடிட்டையும் எழுதுங்கள்: நூல் கொள்முதல், சாயப்பட்டறைக் கூலி, வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய முன்பணம், வங்கிக் கட்டணம். வலப்பக்கத்தில், எஸ்ஏபியில் இதே பதிவு விழ வேண்டுமானால் எந்தெந்தத் தீர்மானங்கள் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். முன்பணத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாம் சேர்ந்து பேரேட்டில் பிரதிபலிக்கும் கட்டுப்பாட்டுக் கணக்கு ஒன்று உண்டு. அதில் எவரும் நேரடியாகப் பதிய முடியாது. முன்பணம் அதே கணக்கில் கலந்துவிட்டால் இருப்புநிலைக் குறிப்பில் தவறான இடத்தில் போய் நிற்கும் என்பதால், சிறப்புப் பேரேட்டுக் குறியீடு ஒன்றை வைத்து அதை வேறொரு கட்டுப்பாட்டுக் கணக்குக்குத் திருப்புகிறார்கள். வலப்பக்கத்தை இப்படி நிரப்ப முடியாத ஒவ்வொரு நாளும், நீங்கள் எந்தப் பாடத்தைத் திறந்து படிக்க வேண்டும் என்பதை நோட்டே சொல்லிவிடும்.

எஸ்ஏபியின் கற்றல் தளத்திலேயே நிதிக் கணக்கியலுக்கான பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சிக்கான செயல்முறை அமைப்புக்குத்தான் கட்டணம். முதல் மூன்று மாதம் அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். நோட்டில் முப்பது, நாற்பது நிகழ்வுகள் சேர்ந்த பிறகு கட்டினால், திரையில் என்ன தேடுகிறோம் என்று தெரிந்து உட்காருவீர்கள். இப்போதே கட்டினால் மெனுக்களைச் சுற்றிப் பார்ப்பதிலேயே நாள் போய்விடும். மாதம் சில நூறு ரூபாய்க்குச் 'சர்வர் ஆக்சஸ்' தருவதாக வரும் விளம்பரங்கள் உரிமம் இல்லாதவை. அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

சொத்துக் கணக்கில் நீங்கள் சறுக்கியதற்குக் காரணம் வேறு. நம் ஊர் நிறுவனங்கள் பலவற்றில் தேய்மானம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து எக்செல் தாளாக வந்து, ஒரே ஜர்னல் என்ட்ரியாக முடிந்துவிடும் விஷயம். அதை நீங்கள் உங்கள் கையால் கணக்கிட்டதே இருக்காது. எஸ்ஏபியில் ஒவ்வொரு இயந்திரமும் தனி ஆள். அதற்கு ஒரே நேரத்தில் பல தேய்மானப் பரப்புகள், அதாவது ஒவ்வொரு விதிக்கும் ஒரு தனித் தேய்மானக் கணக்கு, உண்டு. நவம்பர் 1 அன்று 30 லட்சம் ரூபாயில் ஒரு பின்னல் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது என்று வையுங்கள். மார்ச் 31 வரை 151 நாள். கம்பெனிகள் சட்டப்படி அதன் ஆயுட்காலத்தை வைத்து அந்த நாள்களுக்கு உரிய விகிதத்தில் தேய்மானம் வரும். வருமான வரிக் கணக்கில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டதால் 15 சதவீதத்தில் பாதி, அதாவது 2,25,000 ரூபாய் மட்டும். (கூடுதல் தேய்மானச் சலுகையை இங்கே சேர்க்கவில்லை.) ஒரே இயந்திரம், ஒரே விலை, இரண்டு விதி, இரண்டு தொகை, இவற்றில் எது பேரேட்டுக்குப் போக வேண்டும், எது அறிக்கைக்காக மட்டும் உள்ளே நிற்க வேண்டும் என்பதைத்தான் தேய்மானப் பரப்பு ஒவ்வொன்றிலும் அமைக்கிறார்கள். உங்கள் ஆடிட்டரிடம் சென்ற ஆண்டின் தேய்மானத் தாளைக் கேட்டு வாங்கி, ஐந்தே ஐந்து சொத்துகளை இரு விதிகளின்படியும் கையால் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு அந்தப் பாடத்தைத் திறந்தால், முன்பு புரியாத சொற்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பொருள்களின் பெயர்களாகவே தெரியும்.

உங்கள் முடிவுத்தாளில் நிறுவன அமைப்புப் பகுதியில் நிதியாண்டு பற்றிய வினாக்களும் இருந்திருக்கும். விலைக்குக் கிடைக்கும் தொகுப்புகள் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கே4 என்ற ஆண்டையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நமக்குரியது வி3: ஏப்ரல் முதல் மாதம், ஜனவரி பத்தாவது மாதம், ஜனவரி முதல் மார்ச் வரை ஆண்டு எண்ணில் ஒன்று குறையும். 2025 பிப்ரவரி 15 தேதியிட்ட பில் எந்த ஆண்டு, எந்தக் காலம் என்று கேட்டால் 2024, பதினொன்றாம் காலம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடியவர் நீங்கள். அந்த வினா கே4 வேடத்தில் வராமல் வேறு வேடத்தில் வந்தபோது தடுமாறியிருப்பீர்கள்.

டேலிக்கும் இதற்கும் உள்ள மனநிலை வேறுபாடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தவறான வவுச்சரைத் திறந்து திருத்திச் சேமிப்பது டேலியில் இயல்பான வேலை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குத் திருத்தங்களின் தடம் பதிவாக வேண்டும் என்ற விதி வந்த பிறகும் திருத்தும் பழக்கம் போகவில்லை. தடம் மட்டுமே கூடியிருக்கிறது. எஸ்ஏபியில் பதிவான ஆவணத்தை அழிக்க வழியே இல்லை. குறிப்புரை போன்ற சிலவற்றைத்தான் மாற்றலாம், தொகையோ கணக்கோ தவறென்றால் எதிர்ப்பதிவு போட்டு மறுபடி எழுத வேண்டும். தேர்வில் 'எதை மாற்ற முடியும்?' என்ற வகை வினாக்களில் டேலிக்காரர்கள் கை தானாகத் தவறான விடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வு அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீங்கள் எழுதியது 80 வினா, 180 நிமிட வடிவம், நேரம் தாராளம். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள வினாவில் எத்தனை விடை என்று அங்கேயே சொல்லியிருப்பார்கள்; அத்தனையும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. தவறுக்குக் கழிப்பதும் இல்லை என்பதால் எதையும் வெறுமையாக விடக் கூடாது. ஆனால் சான்றிதழின் விதிகள் அண்மையில் வேகமாக மாறி வருகின்றன. ஒருமுறை வாங்கினால் போதும் என்ற நிலை போய், ஆண்டுதோறும் புதுப்பிப்பு மதிப்பீட்டை முடித்தால்தான் செல்லும் என்றாகிவிட்டது. தேர்வும் செய்துகாட்டும் வகையை நோக்கி நகர்கிறது. மறுமுயற்சிக்குப் பணம் கட்டும் நாளன்று, உங்கள் தேர்வுக் குறியீட்டுக்கு உரிய அதிகாரப்பூர்வப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுக் கட்டுங்கள். பாடப் பகுதிகளும் ஒவ்வொன்றின் பங்கும் அதிலேயே இருக்கும். விலைக்கு வாங்கிய வினாத் தொகுப்பை இனித் தொட வேண்டாம். அதைப் பயன்படுத்துவது தேர்வு விதிகளுக்குப் புறம்பு என்பது ஒருபுறம் இருக்க, உண்மைத் தேர்வில் அது கைகொடுக்காது என்பதை உங்கள் ஒன்பது சதவீதமே காட்டிவிட்டது.

இரவு ஒன்றரை மணி நேரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு எல்லா இரவும் ஒன்றல்ல. மாதத்தின் 7ஆம் தேதி டிடிஎஸ் வரி கட்டுவது, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கை, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி அறிக்கை என்று முதல் இருபது நாளும் உங்கள் தலை உங்களிடம் இருக்காது. அந்த நாள்களில் நோட்டின் இடப்பக்கத்தை மட்டும் எழுதுங்கள்; பத்து நிமிடம் போதும். 21ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை பாடத்தோடு உட்கார்ந்து வலப்பக்கத்தை நிரப்புங்கள். தினமும் சமமாகப் படிக்கத் திட்டம் போட்டு, எட்டாம் தேதியே அது முறிந்து, மனம் தளர்ந்து கைவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்தக் கணக்கில் போனால் ஆறு மாதமாவது ஆகும். அதற்கு முன் தேர்வுத் தேதி வாங்காதீர்கள்.

பயிற்சி மையத்தைப் பற்றி: நல்ல ஆசிரியர் இருந்தால் பணம் கொடுத்துப் படிப்பதில் தவறே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வகுப்பைப் பற்றி அன்று. மூன்றாண்டு அனுபவச் சான்றைப் பற்றி. அது பொய்ச் சான்று. ஆர்டருக்கு என்ட்ரி சொன்ன இளைஞரும் அப்படி ஒரு சான்றோடுதான் வந்தார். இன்று பின்னணிச் சரிபார்ப்பில், வருங்கால வைப்பு நிதிக் (பிஎஃப்) கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்து எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்று பார்த்துவிடுகிறார்கள். உங்களுக்குத் திருப்பூரில் ஒன்பது ஆண்டு பிஎஃப் ஓடியிருக்கும்போது, அதே காலத்தில் வேறோர் ஊரில் எஸ்ஏபி வேலை பார்த்ததாக ஒரு தாள் சொன்னால், பொய்யான மூன்றாண்டோடு மெய்யான ஒன்பதாண்டும் சந்தேகத்துக்குள்ளாகும். அந்த மையத்துக்குப் போகாதீர்கள்.

சான்றிதழ் மட்டுமே வேலை வாங்கித் தராது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆலோசகர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தெந்த நிறுவல்களில் இருந்தீர்கள் என்பதைத்தான். அதனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரி, உங்கள் நிறுவனமே எஸ்ஏபிக்கு மாறப் போகிறது என்ற பேச்சு, எனக்குச் சான்றிதழைவிடப் பெரிதாகப் படுகிறது. பேச்சு உறுதியானால், நிர்வாகத்திடம் நீங்களே போய்க் கணக்குப் பிரிவின் கீ யூசராக, அதாவது மாற்றும் குழுவோடு உட்கார்ந்து வேலை செய்யும் பிரிவின் ஆளாக, இருக்கிறேன் என்று கேளுங்கள். பழைய சப்ளையர் பட்டியலைச் சுத்தம் செய்வது, தொடக்க இருப்புகளை ஏற்றுவது, சோதனைக் காலத்தில் ஒவ்வொரு பதிவையும் டேலியோடு ஒப்பிடுவது ஆகியவை எவரும் விரும்பிச் செய்யாத வேலைகள்; சம்பளம் உடனே கூடாது, இரவு பத்து மணிக்கு வீடு திரும்ப நேரும். ஆனால் அந்த நோட்டின் வலப்பக்கத்தை, அதைத் தீர்மானிக்கிற மேசையிலேயே உட்கார்ந்து நீங்கள் நிரப்புவீர்கள். பழைய ஈசிசி பதிப்புக்கான முதன்மைப் பராமரிப்பை 2027 இறுதியோடு நிறுத்துவதாக எஸ்ஏபி அறிவித்திருப்பதால், அதன் புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாறும் வேலைகள் இன்னும் சில ஆண்டுகள் ஓயாது. ஒரு மாற்றத்தை உள்ளிருந்து பார்த்தவர் என்ற ஒரு வரி உங்கள் விண்ணப்பத்தில் உண்மையாகவே இடம்பெறும். தோற்ற முயற்சியை விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தேவை இல்லை. கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

'சாப்' பற்றிய உங்கள் கேள்விக்கு: 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐவர் தொடங்கிய நிறுவனம் அது, பெயர் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். ஆகவே எஸ்-ஏ-பி என்று மூன்று எழுத்தாகப் பிரித்தே சொல்லுங்கள். பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்த்துப் பலரும் 'சாப்' என்கிறார்கள். நேர்காணலில் எதிரே இருப்பவர் அதைக் கேட்டுத் திருத்த மாட்டார், ஆனால் குறித்துக்கொள்வார்.